கயிற்றின் பருமனும் முடிச்சின் உறுதியும்



கதம்பையை மாதக்கணக்கில் காயல் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, தும்பெடுத்துக் கயிறு திரிப்பது நம்ம பக்கத்துப் பழந்தொழில். 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் முதல் கயிற்றுத் தொழிற்சாலையை நிறுவினார். அன்றைக்கு நம்ம நாஞ்சில் நாடும் அதே திருவிதாங்கூர்தான். அஞ்சுதெங்கு, வைக்கம் என்று ஊர்ப் பெயராலேயே கயிறு விலைபோயிற்று. ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர் நிற்கிறது என்பதே பருமனுக்குக் கணக்கு. நீளம் கூடினால் கயிறு மெலிசு. 1953-ல் கயிறு தொழில் சட்டமும் வந்தது.

பருமன் இரட்டித்தால் கயிற்றின் பலம் ஏறக்குறைய நாலு மடங்கு. ஆனால் தடித்த கயிறு எளிதில் வளையாது. சின்ன முளையில் கட்டினால் முடிச்சு இறுகாமல் கழன்றுபோகும். மெலிந்த கயிறு நன்றாக இறுகும். பாரம் ஏறினால் முடிச்சுப் பக்கத்திலேதான் அறும். தடித்ததையும் மெலிந்ததையும் இணைக்கணுமா? தடித்ததை மடித்து வையுங்கள். மெலிந்ததை அந்த மடிப்புக்குள் நுழைத்து, சுற்றி, தன்னடியிலேயே செருகுங்கள்.

1938-ல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட நைலான் பிற்பாடு நம்ம தொழுவுக்கும் வந்தது. தும்புக்கயிற்றின் சொரசொரப்பு முடிச்சைப் பிடித்துக்கொள்ளும், நைலான் வழுக்கும். ஆகவே நைலானில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டு, நுனியை நீளமாக விடுங்கள். மாட்டின் கழுத்துக்கு மெலிந்த நைலான் வேண்டவே வேண்டாம், அறுத்துவிடும். சுருக்கு முடிச்சும் கூடாது; மாடு இழுக்க இழுக்க இறுகி உயிருக்கே ஆபத்தாகும். பருத்த தும்புக்கயிறும் இறுகாத முடிச்சுமே கழுத்துக்கு நல்லது.