நூற்றுக்குப் பதினாறு: ஒரு கணக்கின் வரலாறு

தோழர்களே, நிதிநிலை அறிக்கை என்றதும் அது பொருளாதார வல்லுநர்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அண்ணல் அம்பேத்கர் ஒதுங்கவில்லை. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றியும், 1925இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ந்த விதத்தைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அரசு யாரிடம் வாங்கி யாருக்குச் செலவிடுகிறது என்பது அன்றே நம் கேள்வியாகிவிட்டது.

முதல் ஐந்தாண்டுத் திட்டங்களில், வளர்ச்சியின் பயன் தானாகவே சேரிக்கும் வந்து சேரும் என்றார்கள். வரவில்லை. பழங்குடியினருக்கு ஐந்தாம் திட்ட காலத்தில் துணைத் திட்டம் வந்தது. பட்டியல் சாதியினருக்குச் சிறப்பு உட்கூறு திட்டம் 1979-80இல்தான் தொடங்கியது. அதன் நெறி எளியது: திட்டச் செலவில் நம் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கு; அதை வேறு பணிக்குத் திருப்பக் கூடாது, காலாவதியாக விடக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி நாம் 16.6 விழுக்காடு.

நெறி காகிதத்தில் இருந்தது. காசு வேறு வழியில் போனது. 2010இல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்காக நம் துணைத் திட்ட நிதியில் பலநூறு கோடி ரூபாய் திருப்பப்பட்டது. மாநிலங்களவையில் உள்துறை அமைச்சரே அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அடுத்த அடி ஓசையின்றி விழுந்தது. திட்டக்குழு கலைக்கப்பட்டது. 2017-18 நிதிநிலை அறிக்கையில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினையே நீக்கப்பட்டது. எதில் பங்கு கேட்டோமோ, அந்தக் கணக்குத் தலைப்பே மறைந்தது. இன்று 10ஏ அறிக்கையில் உர மானியத்தின் ஒரு பகுதியும் நமக்கான ஒதுக்கீடாக எழுதப்படுகிறது. நிலமே இல்லாத விவசாயக் கூலிக்கு உர மானியம் எந்த வயலில் போய்ச் சேரும்? மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை மாணவரின் கைக்கே நேரடியாகச் சேர்வது. அதற்கோ ஆண்டுதோறும் போராட வேண்டியிருக்கிறது.

ஆந்திரம் 2013இல் துணைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது, கர்நாடகமும் இயற்றியது, தமிழ்நாடு 2024இல்தான் இயற்றியது. ஒன்றிய அரசிடம் இன்றும் அப்படியொரு சட்டம் இல்லை. சட்டம் இல்லாத பங்கு சலுகையாகிவிடும். சலுகையை எவரும் திரும்பப் பெறலாம்.

எனவே மாணவத் தோழர்கள் ஒவ்வோர் ஆண்டும் 10ஏ அறிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதுவோம்: இந்தப் பணம் எந்தச் சேரிக்கு, எந்த மாணவருக்கு, எப்போது வந்து சேர்ந்தது?