செத்த பற்றரியும் எழுதப்படாத பக்கமும்

எம்மவர் கூடும் இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "இந்தச் சின்னச் சுற்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்திருக்கத் தேவையில்லை" என்பார்கள். ‘ஜூல் திருடன்’ என்று இன்று அழைக்கப்படும் சுற்றைத்தான் சொல்கிறார்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஏக்கம் வரலாறு ஆகாது.

முதலில் சுற்றைப் பார்ப்போம். ஒரு ரான்சிஸ்டர், ஆயிரம் ஓம் தடை ஒன்று, ஃபெரைட் வளையம் ஒன்றில் ஏறத்தாழ இருபது சுற்றாகச் சுற்றிய இரு கம்பிகள்; இவ்வளவே. வெள்ளை எல்.ஈ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ற் வேண்டும். புதுப் பற்றரி தருவதே 1.5 வோல்ற்தான். ரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது கம்பிச்சுருளில் காந்தப்புலம் வளர்கிறது. திடீரென அது மூடும்போது புலம் சரிந்து, பற்றரியின் அழுத்தத்தோடு தன் அழுத்தத்தையும் சேர்த்து எல்.ஈ.டி.யில் கொட்டுகிறது. இது ஒரு செக்கனில் பல்லாயிரம் தடவை நடப்பதால் கண்ணுக்குத் தொடர்ந்த ஒளியாகத் தெரிகிறது. இங்கே சக்தி எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை. அழுத்தம் கூட, ஓட்டம் குறைகிறது.

ரோச் லைற்றுக்கு உதவாது என்று எறியும் பற்றரியில் இன்னமும் ஒரு வோல்ற் அளவு இருக்கும். ‘செத்தது’ என்ற தீர்ப்பைச் சொல்வது ரோச் லைற்தான், பற்றரி அல்ல. சிலிக்கன் ரான்சிஸ்டர் தொடங்குவதற்கு ஏறத்தாழ 0.6 வோல்ற் வேண்டும். ஜெர்மானியத்துக்கு 0.2, 0.3 போதும். பழைய வானொலியில் கழற்றிய ஜெர்மானியம் ரான்சிஸ்டரைப் போட்டு, தடையையும் குறைத்துப் பார்த்தேன். அது பி.என்.பி. வகை என்பதால் பற்றரியையும் எல்.ஈ.டி.யையும் திருப்பிப் போடவேண்டியிருந்தது. அரை வோல்ற்றிலும் மங்கலாக எரிந்தது.

இந்தத் தத்துவம் புதியதல்ல. 1940களின் ராடர்களிலும் பின்னர் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் வெற்றிடக் குழாய்களோடு இதே அலையியற்றி இருந்தது. 1999 நவம்பரில் ‘எவ்ரிடே பிராக்டிகல் எலெக்ரோனிக்ஸ்’ என்ற பிரித்தானிய இதழுக்கு இசட். கபார்னிக் என்ற வாசகர் இதனை எல்.ஈ.டி. விளக்காக எழுதியனுப்பினார். ‘ஜூல் திருடன்’ என்ற பெயர் 2002இல் கிளைவ் மிற்செல் வைத்தது.

இனி அந்த ஏக்கத்துக்கு வருகிறேன். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. படைத்தேவைக்கு உதவும் என்று சொல்லிப் பற்றரியும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ரான்சிஸ்டரும் ஃபெரைட் தண்டும் உடைந்த வானொலி ஒவ்வொன்றிலும் கிடந்தன. தத்துவம் பாடநூல்களில் இருந்தது. இல்லாதது வெள்ளை எல்.ஈ.டி. நீல எல்.ஈ.டி.யை யப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நக்கமுரா பிரகாசமாக ஆக்கியது 1993இல். வெள்ளை சந்தைக்கு வந்தது 1996இல். அதற்கு முன் இந்தச் சுற்றால் கிடைத்திருக்கக்கூடியது சிவப்புப் பொட்டு வெளிச்சம் மட்டுமே. அதில் எந்தப் பிள்ளையும் படித்திருக்க முடியாது. ஆகவே, ‘எங்களுக்கு அறிவு இல்லாமற் போயிற்று’ என்ற குற்றச்சாட்டு நிற்காது.

நிற்கக்கூடிய குற்றச்சாட்டு வேறு. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டவர்கள் நாங்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட்டைப் போட வேண்டும், கொள்ளளவியைப் போட வேண்டும், கை வேகம் கூடினால் வானொலி எரியாமற் பார்க்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார். அவர் பெயர் என்ன? எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார்? எத்தனை வானொலிகளை எரித்துப் பழகினார்?

கபார்னிக்கின் சுற்று வரலாற்றில் நிற்பது அது அபூர்வமானது என்பதால் அல்ல. அவர் எழுதினார், ஓர் இதழ் அச்சிட்டது. எம்மவர் செய்தது அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் நாம் அதனை ‘தமிழனின் கெட்டித்தனம்’ என்ற மேடைவசனமாக்கிவிட்டு, சுற்றுப்படத்தைத் தொலைத்துவிட்டோம். போரின் வரலாற்றைத் தளபதிகளின் பெயர்களால் நிரப்பும் எழுத்து, பற்றரித் தடைக்குள் வாழ்ந்த மனிதரின் அறிவை ஓர் அடிக்குறிப்பாகக்கூட ஏற்பதில்லை.

அந்தக் கைகளில் சில இன்று ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் முதுமையடைகின்றன. இந்த இதழின் வாசகர்களிடம் நான் கேட்பது கவிதையல்ல. அவர்களிடம் போய், எந்தக் கம்பியை எதில் பூட்டினீர்கள் என்று கேட்டு, படத்தோடு எழுதுங்கள்.