தானியங்கி ஏலக்கேட்பு

தானியங்கி ஏலக்கேட்பு என்பது, இணைய ஏலத்தில் ஒருவர் தாம் தரக்கூடிய உச்சத் தொகையை முன்கூட்டியே மறைவாகப் பதிந்துவிட, அத்தொகையைத் தாண்டாமல் அவருக்காக ஏலத் தளத்தின் மென்பொருளே கேட்டுச் செல்லும் முறையாகும். இது பதிலாள் கேட்பு எனவும் வழங்கப்படும். 1995 இல் தொடங்கப்பட்ட ஈபே தளத்தின் வழியாக இம்முறை பலருக்கும் அறிமுகமானது. ஏலங்கள் பல நாட்கள் நீடிப்பதாலும், வேறு நாடுகளில் இருப்போருக்கு நள்ளிரவில் முடியக்கூடும் என்பதாலும் நாணயச் சேகரிப்பாளர்கள் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

செயற்படும் விதம்

அமெரிக்காவின் இந்தியன் ஹெட் ஒரு சென்ட் நாணயங்கள் 1859 முதல் 1909 வரை வெளியிடப்பட்டன. இவற்றுள் 1877 ஆம் ஆண்டு நாணயம் 8,52,500 மட்டுமே அச்சிடப்பட்டதால் அரிதானது. அத்தகைய நாணயம் ஒன்று 500 டாலர் தொடக்க விலையில் ஏலத்திற்கு வருவதாகவும், ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 டாலர் கூட்டிக் கேட்கவேண்டும் என்பது விதி எனவும் கொள்வோம்.

முதலாமவர் 800 டாலரை உச்சமாகப் பதிகிறார். போட்டியாளர் எவரும் இல்லாததால் விலை 500 ஆகவே காட்டப்படும். இரண்டாமவர் 650 பதிந்தால், மென்பொருள் உடனே விலையை 660 ஆக உயர்த்தி, முதலாமவரையே முன்னிலையில் வைக்கும். மூன்றாமவர் 795 பதிந்தால் விலை 805 ஆகாது. முதலாமவரின் எல்லையான 800 இல் நின்றுவிடும். அவரும் 800 பதிந்திருந்தால், முந்திப் பதிந்தவர் என்பதால் முதலாமவருக்கே உரிமை. 850 பதிந்திருந்தால் மட்டுமே 810 டாலருக்கு நாணயம் கைமாறும்.

ஆக, வென்றவர் செலுத்தும் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது அவருடைய உச்சத் தொகை அன்று. அவருக்கு அடுத்தவரின் உச்சத் தொகையே.

கோட்பாடு

அடுத்தவரின் தொகையை ஒட்டி விலை அமையும் ஏலம் இணையத்திற்குப் புதிதன்று. அமெரிக்க அஞ்சல்தலை விற்பனையாளர்கள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தபால்வழிக் கேட்புகளுக்கு இதனைக் கையாண்டனர். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961 இல் இதனை ஆராய்ந்து, இத்தகைய ஏலத்தில் பொருளின் மதிப்பாகத் தாம் கருதுவதை உள்ளபடியே கேட்பதே ஒருவருக்கு நன்மை தரும் என நிறுவினார். அவருக்கு 1996 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் நாணயத்தின் மதிப்பு ஒருவரது விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. மறுவிற்பனை விலையையும் பொறுத்தது. நாணயத்தின் நிலை 1 முதல் 70 வரையான ஷெல்டன் அளவுகோலால் மதிப்பிடப்படுகிறது. சில புள்ளி வேறுபாடே விலையைப் பலமடங்கு மாற்றக்கூடும். மென்பொருளுக்குத் தொகை தெரியுமேயன்றி, நாணயம் தேய்ந்ததா, மெருகேற்றப்பட்டதா, போலியா என்பது தெரியாது. படத்தை மட்டும் பார்த்து மிகையாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்லும் நிலையை ‘வென்றவரின் சாபம்’ என்பர்.

கடைசி நேரக் கேட்பு

கோட்பாட்டின்படி முன்னரே உச்சத் தொகையைப் பதிந்துவிட்டால் போதும். நடைமுறையிலோ பலர் கடைசி வினாடிகளில்தான் கேட்கின்றனர். ஆல்வின் ரோத், ஆக்செல் ஒக்கென்ஃபெல்ஸ் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட ஆய்வு, குறித்த நேரத்தில் முடிந்துவிடும் ஈபே ஏலங்களில் இவ்வழக்கம் மிகுந்திருப்பதைக் காட்டியது. இறுதியில் கேட்பு வந்தால் நேரத்தை நீட்டித்த அமேசான் ஏலங்களில் (இவை இப்போது இல்லை) அது குறைவாக இருந்தது. காரணம் எளிது. சிறிது சிறிதாகக் கூட்டிக் கேட்போர் முன்கூட்டிய கேட்பைக் கண்டு மேலும் ஏற்றுவர். கடைசி வினாடியில் அதற்கு நேரமில்லை. அனுபவமுள்ள சேகரிப்பாளரின் கேட்பு, நாணயம் அசலானது என்பதற்கான சான்றாகவே மற்றவர்களால் கொள்ளப்படுவதும் உண்டு.

முறைகேடுகள்

விற்பவரோ அவர் சார்பானவரோ வேறு பெயரில் கேட்டு விலையை ஏற்றுவது போலிக் கேட்பு எனப்படும். ஏலத் தளங்கள் இதனைத் தடை செய்துள்ளன. பல நாடுகளில் இது சட்டவிரோதமுமாகும். தானியங்கி முறையில் இதற்கு இடம் அதிகம். போலிக் கேட்பாளர் படிப்படியாக ஏற்ற, ஒவ்வொரு படிக்கும் மென்பொருள் தவறாமல் பதில் கேட்கும். மறைவான உச்சத் தொகையின் அருகே விலை வந்து சேரும்வரை உண்மையான வாங்குபவருக்கு எதுவும் தெரியாமலே போகலாம். ஓரிரு கேட்பாளர்கள் ஒரே விற்பனையாளரின் பொருட்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருபோதும் வெல்லாதிருப்பது இதன் அறிகுறிகளுள் ஒன்று.

கூடுதல் செலவுகள்

பல நாணய ஏல நிறுவனங்கள் முடிவு விலையின்மேல் வாங்குபவரிடம் தனிக் கட்டணம் பெறுகின்றன. இக்கட்டணம் 20 விழுக்காடு எனில், 800 டாலருக்கு முடிந்த நாணயத்திற்கு 960 டாலர் செலுத்தவேண்டும். அஞ்சல், காப்பீடு, சுங்கவரி ஆகியன தனி. பதியப்படும் உச்சத் தொகையில் இவை பொதுவாக அடங்குவதில்லை.