பெரிய பாம்பு ஏன் மேலே இருக்கிறது?

போன மாதம் பீரோ சுத்தம் பண்ணும்போது அவ்வாவின் பரமபதத் தாள் கிடைத்தது. எட்டாக மடித்தது, மடிப்பெல்லாம் கிழிந்து பின்னால் துணி ஒட்டியிருக்கிறது. எழுத்து தெலுங்கு. ஓசூர்ப் பக்கம் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தெருவுக்குத் தெரு தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் புழங்கும் ஊர். அவ்வா இதை வைகுண்டபாளி என்பார், பக்கத்து வீட்டில் பரமபதம் என்பார்கள். மார்கழி வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்காமல் இருக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே தாள்தான்.

நடுகல், கல்வெட்டு என்று எழுதுகிறவன் இதற்கு ஏன் வந்தான் என்று கேட்கலாம். நான் இதை ஒரு வரைபடமாகத்தான் பார்க்கிறேன். கீழே மிருகப் பிறவிகள், நடுவில் மனித குணங்கள், அதற்கு மேல் தேவ லோகங்கள், உச்சியில் வைகுண்டம். குணம் ஏணி, குற்றம் பாம்பு. ஊர் பேர் இல்லாத, ஆனால் போக வேண்டிய வழி மட்டும் இருக்கிற மேப்.

சோபானம் என்றால் படிக்கட்டு. வேதாந்த தேசிகர் (1268–1369) ‘பரமபத சோபானம்’ என்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஆன்மா ஏறும் ஒன்பது படிகள், விவேகத்தில் ஆரம்பித்து பகவானை அடைவதில் முடியும். அதில் பாம்பு கிடையாது. பாம்பைச் சேர்த்தது ஆட்டம்தான். வட இந்தியாவில் இதற்கு ஞான சௌபட் என்று பெயர். வைணவப் பலகையில் பெரும்பாலும் 72 கட்டம், ஜைனப் பலகையில் 84, சூஃபிகளுக்கும் தனிப் பலகை உண்டு. 1780-களின் ஆரம்பத்தில் லக்னோவில் இருந்த ரிச்சர்ட் ஜான்சன் என்ற கம்பெனி அதிகாரி சேகரித்த ஒரு பலகை இன்றும் லண்டனில் இருக்கிறது. இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்தவர் ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட், 1985-ல் வந்த அவருடைய கட்டுரைதான் எனக்கு வழிகாட்டி. ஞானேஸ்வரர் 13-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை அப்படியே நம்ப வேண்டாம். காலம் குறித்துக் கிடைத்திருக்கும் பலகைகள் 18-ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடுகின்றன.

1890-களில் இது இங்கிலாந்தில் குழந்தைகள் ஆட்டமாக அச்சானது. கொஞ்ச காலம் அங்கேயும் நல்லொழுக்கப் படங்கள் இருந்தன, அப்புறம் அதுவும் போய் வெறும் எண்கள் மிஞ்சின. இன்று என் பெண் போனில் ஆடுவது அந்த மிச்சம்.

தொழில் புத்தி விடுமா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு வெற்று முகம். உள்ளே நுழையத் தாயம், அதாவது ஒன்று விழ வேண்டும். 16-ல் 2 வாய்ப்பு. ஆக, பிறப்பதற்கே சராசரியாக 8 வீச்சு! உள்ளே வந்த பிறகு இது மார்க்கோவ் சங்கிலி. அடுத்து எங்கே போவாய் என்பதற்கு இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறாய் என்பது மட்டும் போதும், எப்படி வந்தாய் என்பது வேண்டாம். கர்மக் கொள்கையை விளக்கும் பலகைக்கு ஞாபகமே கிடையாது என்று முதலில் சிரித்தேன். அப்புறம் தோன்றியது: செய்ததெல்லாம் சேர்ந்துதானே நிற்கிற கட்டம்? ஞாபகம் காயில் இல்லை, கட்டத்தில் இருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது ஜான் பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ (1678). ஒருவன் அழியப்போகும் ஊரை விட்டுக் கிளம்பி, சேறு, மலை, சந்தை எல்லாம் கடந்து வானுலக நகரம் போகிற கதை. பிற்காலப் பதிப்புகளில் அந்த வழியை உண்மையான சாலை வரைபடம் மாதிரியே வரைந்து மடித்து வைத்தார்கள். தமிழில் அதைக் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). நெல்லைப் பக்கத்து வைணவக் குடும்பம், 1858-ல் கிறிஸ்தவரானார், கம்பன் வழியில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடி 1894-ல் வெளியிட்டார்.

இரண்டும் வேறு வேறு உலகம். பன்யனின் சாலை ஒரே தடவை நடப்பது, கட்டை உருட்டுவது கிடையாது, தவறினால் தப்பு உன்னுடையது. பரமபதத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி ஏறலாம், ஆனால் கட்டை உன் கையில் இருந்தும் உன் கையில் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் இரண்டும் ஒன்று போலப் பேசுகின்றன. பன்யனின் கடைசிப் பக்கத்தில், சாலை முழுக்க நடந்து நகர வாசலுக்கே வந்துவிட்ட ஒருவனைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். சொர்க்க வாசல் பக்கத்திலிருந்தே நரகத்துக்கு ஒரு வழி இருக்கிறது! எங்கள் தாளில் 132 கட்டம், அதில் மிக நீளமான பாம்பின் தலை இருப்பது 106-ல். வால், அடி வரிசையில். பாதி வழியில் விழுகிறவனுக்கு இவ்வளவு நீளப் பாம்பு இல்லை.

அந்த 106-ஐ எனக்கு நன்றாகவே தெரியும்.

அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் பத்தாவது படிக்கும்போது கதவை மூடினார்கள். சூப்பர்வைசர் பதவி வரப்போகிறது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த சமயம். அந்த வருஷ ஏகாதசிக்கும் அவ்வா தாளை விரித்தார். அப்பா காய் நன்றாக ஏறியது, அப்புறம் 106. அவர் காயைக் கீழே இறக்கவில்லை. "போதும்மா" என்று எழுந்து வெளியே போய்விட்டார். அவ்வா ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அது விரிந்ததே இல்லை. அப்பா வாட்ச்மேன் வேலை, லேத் பட்டறை என்று ஓட்டித்தான் என்னை பிஇ படிக்க வைத்தார்.

இந்தத் தடவை தாளை விரித்தது என் பெண். எல்லாப் பாம்புக்கும் பெயர் கேட்டாள், அப்பாதான் தெலுங்கு எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துச் சொன்னார். எனக்குப் பேச வரும், படிக்க வராது. 106-க்கு வந்ததும், "இங்க வர்றவங்க என்ன தப்பு பண்ணாங்க தாத்தா?" என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "தப்புன்னு இல்லடா கண்ணு. கட்டை அப்படி விழுந்துச்சு" என்றார்.

நான் ஏதோ குறுக்கே சொல்லப் போனேன். கர்மம், கட்டத்தில் இருக்கிற ஞாபகம் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதையெல்லாம். நல்லவேளை, வாய் திறக்கவில்லை. தாளை வரைந்தவன் பாம்பின் தலைக்குப் பக்கத்தில் ஒரு குற்றத்தின் பெயரை எழுதியிருக்கிறான். அப்பா முப்பது வருஷமாக அதைத் தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தாரோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கட்டையை அவர் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். தாயம் விழ பதினோரு வீச்சு ஆனது.