கண்டவரும் கேட்டவரும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. இதனை நாம் பெரும்பாலும் குடும்ப வழக்குகளுக்கும் அண்டை வீட்டுச் சச்சரவுகளுக்குமே எடுத்தாளுகின்றோம். ஆனால், ஒரு பெரிய தேசத்தின் ஆட்சித் தலைவரைத் தெரிந்தெடுக்கும் காரியத்தில், கோடிக்கணக்கான மக்கள் ஒரே இரவில் தத்தம் கண்ணையும் காதையும் நம்பித் தீர்ப்பளித்த வரலாறு ஒன்று உண்டு. அவ் வரலாற்றை எடுத்துச் சொல்லுவோர், "கண்டவர் ஏமாந்தனர், கேட்டவர் ஏமாறவில்லை" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அம் முடிவு சரியானதுதானா என்று தீர விசாரிப்பதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி பதவிக்கு இருவர் முக்கியமாகப் போட்டியிட்டனர். ஒருவர் ரிபப்ளிகன் கட்சியினரான ரிச்சர்ட் நிக்ஸன். மற்றவர் டெமாக்ரடிக் கட்சியினரான ஜான் கென்னடி. நிக்ஸனுக்கு வயது 47, கென்னடிக்கு 43. இருவரும் 1947-ஆம் ஆண்டில் ஒருங்கே காங்கிரஸ் மகாசபையினுள் அங்கத்தினராய்ப் புகுந்தவர்கள். எனினும் நிக்ஸன் 1953 முதல் உப ஜனாதிபதியாயிருந்து உலகறிந்தவராய் விளங்கினார். கென்னடியோ, இளையவர், அனுபவம் போதாதவர் என்று எதிர்க் கட்சியினராற் பேசப்பட்டவர். அன்றியும், அவர் கத்தோலிக்கர். அதுகாறும் கத்தோலிக்கர் எவரும் அந் நாட்டின் ஜனாதிபதியாய் வந்ததில்லை. ஓர் அபேட்சகரின் தகுதியை அவர் போகும் கோயிலைக் கொண்டு அளக்கும் பேதைமை, கல்வியிலும் செல்வத்திலும் ஓங்கிய அந்நாட்டையும் விட்டபாடில்லை. 1960 செப்டம்பர் 12-ல், கென்னடி டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் பாதிரிமார்கள் கூடிய சபையின் முன்னின்று, தமது மதம் தமது ஆட்சிக் கடமையில் தலையிடாது என்று விளக்கஞ் சொல்ல வேண்டியதாயிற்று.

அபேட்சகர் இருவர் மக்கள் முன்னிலையில் வாதிடுதல் அமெரிக்காவுக்குப் புதியதன்று. 1858-ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்திலே, செனட் சபைக்குரிய போட்டியில், ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் ஏழு முறை வாதிட்டனர். ஒவ்வொரு வாதமும் மூன்று மணி நேரம். ஒருவர் ஒரு மணி நேரம் பேச, மற்றவர் ஒன்றரை மணி நேரம் மறுமொழி கூற, முன்னவர் மீண்டும் அரைமணி நேரம் பேசி முடிப்பார். அடிமை முறையைப் பற்றிய அவ் வாதங்களைத் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டனர். ஆனால் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடும் இரு பெருங் கட்சி அபேட்சகர்கள் நேருக்கு நேர் நின்று தேசமனைத்தும் காண வாதிட்டது 1960-லேதான் முதன்முறையாக நிகழ்ந்தது.

அதற்கு இரண்டு காரணங்கள் துணைநின்றன. ஒன்று, தொலைக்காட்சியின் பெருக்கம். 1950-ல் அமெரிக்காவில் நூறு வீடுகளில் ஏறக்குறைய பத்து வீடுகளிலேயே இருந்த அக் கருவி, 1960-ல் ஏறக்குறைய எண்பத்தேழு வீடுகளில் இடம்பெற்றுவிட்டது. மற்றொன்று, சட்டத்தின் இடைக்கால இளக்கம். 1934-ஆம் ஆண்டின் செய்திப் போக்குவரத்துச் சட்டப்படி, ஒலிபரப்பு நிலையத்தார் ஓர் அபேட்சகருக்கு இடங்கொடுத்தால், அதே பதவிக்குப் போட்டியிடும் ஏனையோர் அனைவருக்கும் சம வாய்ப்பு அளித்தல் வேண்டும். சிறு கட்சிகளின் அபேட்சகர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு வாதம் நடத்துவது இயலாமையின், 1960 ஆகஸ்டில் காங்கிரஸ் மகாசபை அவ் விதியை அவ்வொரு தேர்தலுக்கு மட்டும் நிறுத்திவைத்தது. நம் மலாயா, சிங்கப்பூர் மக்களுக்கோ அக்காலத்தில் தொலைக்காட்சி வந்திருக்கவில்லை. அது 1963-லேதான் இங்கு வந்தது. ஆதலின் இங்குள்ளோர் அவ் வாதத்தின் செய்தியைப் பத்திரிகை வாயிலாக அறிந்தார்களேயன்றி, உடனிருந்து கண்டாரல்லர்.

வாதம் 1960 செப்டம்பர் 26 இரவு, சிகாகோ நகரத்து நிலையம் ஒன்றில் நடைபெற்றது. ஒவ்வொருவரும் எட்டு நிமிஷம் முன்னுரை பகர்வது, பத்திரிகையாளர் நால்வர் வினாவுக்கு விடையிறுப்பது, மூன்று நிமிஷம் முடிவுரை கூறுவது என்பது ஏற்பாடு. பொருள் உள்நாட்டு விவகாரம். கண்டவர் தொகை ஏறக்குறைய ஏழு கோடி.

அந்த ஏழு கோடிப் பேரும் கண்டது யாது? நிக்ஸன் ஆகஸ்டு மாதத்தில் முழங்காலில் அடிபட்டு, அது சீழ் வைத்தமையால் ஏறக்குறைய இரண்டு வாரம் மருத்துவமனையிற் படுத்திருந்தவர். உடல் மெலிந்து, சட்டையின் கழுத்துப் பட்டி தொளதொளக்க வந்து நின்றார். அவர் அணிந்திருந்த வெளிர்சாம்பல் நிற உடுப்பு பின்புறச் சுவரின் நிறத்தோடு கலந்து மங்கிற்று. முகப்பூச்சு வேண்டாமென மறுத்து, மயிரின் கருமையை மறைக்கும் மாவு மாத்திரம் பூசிக்கொண்டார். விளக்கு வெப்பத்தில் வியர்வை அரும்பிற்று. கென்னடியோ வெயிலிற் பழுத்த மேனியும் கருநிற உடுப்புமாய், காமராவை நேரே நோக்கி, வீட்டிலிருக்கும் மக்களிடத்தே பேசுவார் போலப் பேசினார். நிக்ஸனின் தாயாரே, மகனுக்கு உடல்நலமில்லையோ என்று பின்னர் விசாரித்தாராம். மறுநாள் ஓஹாயோ மாகாணத்தில் சுற்றுப்பிரயாணஞ் செய்த கென்னடியைக் காணக் கூடிய கூட்டம், முன்னைய கூட்டங்களினும் பெருகியிருந்ததை உடன்சென்ற பத்திரிகையாளர் கண்டு வியந்தனர்.

இனி, அவர்கள் கேட்டது யாது? இதனை நினைவுகூருவோர் மிகச் சிலரே. கென்னடி தம் முன்னுரையில், கறுப்பினக் குழந்தை ஒன்று உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு வெள்ளையர் குழந்தையின் வாய்ப்பிற் பாதியளவே என்று எடுத்துக்காட்டினார். முதியோர்க்கு வைத்திய உதவி, ஆசிரியர் சம்பளம், தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி, தேசத்தின் கடன் என்பன வாதிக்கப்பட்டன. நிக்ஸன், நோக்கத்தில் இருவருக்கும் வேறுபாடில்லை, வழியிலேதான் வேறுபாடு என்று கூறி, கென்னடியின் திட்டங்கள் வரிச்சுமையைக் கூட்டும் என வாதித்தார். நிக்ஸனின் ஆலோசனையால் ஏற்கப்பட்ட பெருங் கருத்தொன்றைச் சொல்லும்படி ஜனாதிபதி ஐஸனோவரை ஆகஸ்டில் ஒரு நிருபர் கேட்க, ஒரு வார அவகாசம் கொடுத்தால் ஒன்று ஞாபகத்துக்கு வரலாம் என்னும் பொருள்பட அவர் விடையளித்திருந்தார். அதனை வாதத்திலே ஒரு பத்திரிகையாளர் நினைவூட்டி, நிக்ஸனை விளக்கங் கேட்டார். ஆக, பொருளற்ற கூத்தாக அவ்விரவு கழியவில்லை. ஆனால் கறுப்பினக் குழந்தையின் கல்வியை மறந்து, நிக்ஸனின் கன்னத்து மயிரை நினைவில் வைத்துக்கொண்டது உலகம்!

இங்கேதான் அப் பிரசித்தமான கதை பிறக்கின்றது. "தொலைக்காட்சியிற் கண்டவர் கென்னடி வென்றார் என்றனர், வானொலியிற் கேட்டவர் நிக்ஸன் வென்றார் என்றனர்" என்பதே அது. இதற்கு ஆதாரம் முழுதும் இல்லையென்று சொல்லலாகாது. ஸிண்ட்லிங்கர் என்னும் ஆராய்ச்சிக் கம்பெனியார், வானொலி கேட்டோரை வினவியபோது, நிக்ஸன் பக்கம் நின்றவர் கென்னடி பக்கம் நின்றவரினும் இரு மடங்குக்கு மேல் இருந்தனர். அட்லாண்டா நகரத்துப் பத்திரிகாசிரியர் ரால்ப் மெக்கில் என்பாரும், வானொலி கேட்ட தம் நண்பர் சிலரிடம் இதே அபிப்பிராயத்தைக் கண்டதாக எழுதினார்.

ஆயினும் பகுத்தறிவுள்ளோர் இங்கே சற்று நிற்றல் வேண்டும். 1987-ல் வான்சில், பெண்டெல் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இக் கதையின் வேரைத் தோண்டினர். அவர்கள் கண்டது என்ன? அக் கம்பெனியார் வினவிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருள் வானொலி கேட்டவர் 282 பேரே. அவர்களிலும் வெற்றி தோல்வி கூறியவர் இன்னுங் குறைவு. வாதத்துக்கு முன்னரே அவர்கள் யார் பக்கம் சாய்ந்திருந்தனர் என்பது கணக்கிற் கொள்ளப்படவில்லை. 1960-ல் தொலைக்காட்சியின்றி வானொலியையே நம்பியிருந்தோர் யாவர்? நாட்டுப்புறங்களில் வாழ்வோர் அவர்களுள் மிகுதியாயிருத்தல் கூடும். கத்தோலிக்கரொருவர் ஜனாதிபதியாவதை வெறுத்தவர் பலர் இருந்ததும் அத்தகைய இடங்களிலேயே. எனின், அவர்கள் நிக்ஸனைப் புகழ்ந்தது அவர் குரலின் வன்மையாலா? அன்றி, கென்னடியின் மதத்தின்பால் கொண்ட வெறுப்பினாலா? ஒரு வேளை, அவர்தம் காது வாதத்தைக் கேட்குமுன்னரே உள்ளம் தீர்ப்பெழுதி வைத்திருக்கலாம் அன்றோ?

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். "மக்கள் முகத்தைக் கண்டு மயங்கினர்" என்று இகழ்ந்து கூறுவோர், அக் கூற்றையே ஒருவர் வாயினின்றும் ஒருவர் வாங்கி, சோதியாது நம்பி வந்திருக்கின்றனர். கண்ணை நம்பினோரை நகைத்தவர், காதை நம்பிக் கெட்டனர்!

ஆயின், காட்சிக்கு வலியே இல்லை என்று முடிக்கலாமோ? அதுவும் பிழை. 2003-ல் ட்ரக்மன் என்னும் அறிஞர், அவ் வாதத்தின் பதிவை ஒரு சாராருக்குக் காட்டியும், மற்றொரு சாராருக்கு ஒலியை மட்டும் கேட்பித்தும் சோதித்தார். கண்டவரே கென்னடி வென்றார் என்று மிகுதியாய்க் கூறினர். அவர்தம் தீர்ப்பில் அபேட்சகரின் குணத்தைப் பற்றிய எண்ணம் பெரிதும் கலந்திருந்தது. ஆனால் அதனோடு மற்றொன்றையும் அவர் கண்டார். காட்சியைக் கண்டவர், ஒலியை மட்டும் கேட்டவரினும், வாதத்திலிருந்து அதிகமாகக் கற்றுக்கொண்டிருந்தனர். ஆகவே கண் மயக்கவுஞ் செய்யும், கற்பிக்கவுஞ் செய்யும். அதனைக் குருடாக்குவது மருந்தாகாது.

காட்சியின் வலியை அறியாதவரல்லர் நிக்ஸனும். 1952-ல், இரகசிய நிதி பெற்றார் என்னும் குற்றச்சாட்டினால் அவரது அரசியல் வாழ்வே முடியும் நிலை வந்தபோது, தொலைக்காட்சியில் தோன்றித் தம் வரவு செலவைச் சொல்லி, குழந்தைகளுக்கு வந்த நாய்க்குட்டியைத் திருப்பித் தரமாட்டேன் என்று உருகிப் பேசி, மக்கள் அன்பை மீட்டவர் அவரே. அன்று அவரைக் கரையேற்றிய கருவியே எட்டாண்டு கழித்து அவரைக் கவிழ்த்தது. 1962-ல் வெளியிட்ட நூலிலே, பொருளில் மிகுதியும் கருத்தைச் செலுத்தித் தோற்றத்தைக் கவனியாது விட்டேன் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார்.

1960 நவம்பர் 8-ல் தேர்தல் முடிந்தது. ஏறக்குறைய 6 கோடியே 88 லட்சம் வாக்குகளில், கென்னடிக்கும் நிக்ஸனுக்கும் இருந்த வேறுபாடு ஏறக்குறைய 1 லட்சத்து 13 ஆயிரமே. இத்துணைச் சிறு வேறுபாட்டுக்கு எதனையும் காரணமாகக் காட்டலாம். தொலைக்காட்சியே அலையைத் திருப்பிற்று என்று கென்னடி தாமே கூறினார். ஆயினும் முதல் வாதத்துக்கு முன்னும் பின்னும் காலப் நிறுவனத்தார் எடுத்த கணக்குகளில் கண்ட மாறுதல் நூற்றுக்கு ஓரிரண்டு மூன்று பங்குக்கு மேற்பட்டதன்று. வாதத்தைக் கண்டோரிற் பெரும்பாலோர் தாம் முன்பே விரும்பியவரையே வென்றவராகவும் கண்டனர் என்பதே ஆராய்ந்தோர் பலரின் முடிவு.

மூன்றாவது ஓர் ஏமாற்றமும் உண்டு. அது பிறர் வாயை நம்புதல். 1960-க்குப் பின் பதினாறு ஆண்டு இத்தகைய வாதம் நிகழவில்லை. 1976 அக்டோபர் 6-ல், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஜனாதிபதி போர்டும் ஜிம்மி கார்ட்டரும் வாதிட்டபோது, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று போர்டு கூறிவிட்டார். அன்றிரவே வினவப்பட்டவருள் போர்டு நன்றாய் வாதித்தார் என்றோரே மிகுதி. ஆனால் மறுநாள் பகல் முழுதும் பத்திரிகைகளும் ஒலிபரப்புகளும் அப் பிழையையே விரித்துரைத்த பின்பு, கார்ட்டரே வென்றார் என்றோர் பெருந்தொகையினராயினர். வாதம் மாறவில்லை, கேட்ட காதும் மாறவில்லை, அபிப்பிராயம் மாத்திரம் ஒரே நாளில் மாறிற்று. போர்டின் பிழை மெய்யான பிழையே. ஆனால் அதனைத் தாமே அறிந்து மாறினவர் எத்தனை பேர்? ஊர் சொல்லிற்று என்று மாறினவர் எத்தனை பேர்?

அன்பர்களே, வாக்குரிமை என்பது பல நாட்டு மக்கள் சிறையும் அடியும் பட்டுப் பெற்ற பொருள். அதனைச் செலுத்துங் கால் கண்ணும் காதும் பிறர் வாயும் நம்மிடம் சாட்சி சொல்ல வரும். மூன்றையும் விசாரியுங்கள், ஒன்றனையும் நீதிபதி ஆசனத்தில் அமர்த்தாதீர்கள். அபேட்சகரின் முகம் வாடியதா மலர்ந்ததா என்பதை ஒரு நொடியிற் கண்டுகொள்ளலாம். அவர் குழந்தையின் கல்விக்கு என்ன செய்யப் போகிறார், தொழிலாளியின் கூலிக்கு என்ன வழி சொல்லுகிறார் என்பதை அறியப் பொறுமை வேண்டும். அப் பொறுமையில்லாத மக்கள், நல்ல தலைவரைப் பெற்றாலும் அது தற்செயலாய்ப் பெற்ற பேறேயன்றித் தம் அறிவாற் பெற்றதாகாது. தீர விசாரிப்பதே மெய்.