ஓசையால் ஓசையை அடக்குதல்

மாட்டுங்காவிலிருந்து சயான் வழியாகச் செம்பூருக்கு மோட்டாரில் செல்லும் நாம் இருவகை ஓசைகளைக் கேட்கிறோம். ஒன்று, காலடியில் ஓயாது முழங்கும் எஞ்சினின் ஓசை. மற்றொன்று, நாற்புறமும் எழும் ஹாரன்களின் அலறல். இவற்றுள் முன்னதை அடக்க விஞ்ஞானம் கண்ட வழியின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஒலி என்பது காற்றில் எழும் அலை. ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் அகடும் சரியாகப் படிந்தால் இரண்டும் அழிந்துபடும். முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் ஓசையை எதிரோசையால் நீக்கலாம் என்று கருதிய ஜெர்மானியர் பால் லூயக், 1936-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் எஞ்சினின் ஓசை ஒரு நிலையில் நிற்பதன்று, வேகத்தோடு மாறுவது. மாறும் ஓசைக்கு மாறாத எதிரோசை எவ்வாறு ஈடாகும்?

விடை 1959-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. பேராசிரியர் பெர்னார்ட் விட்ரோவும் அவர் மாணவர் டெட் ஹாஃபும், தன் பிழையைத் தானே அளந்து சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும் கணக்கு முறையை வகுத்தனர். சண்முகானந்தா அரங்கில் கச்சேரிக்கு முன், சுருதி சேரும்வரை தம்பூராவின் பிருடையை முறுக்கியும் தளர்த்தியும் பார்ப்பது போன்றதே இது. 1975-இல் விட்ரோ குழுவினர் இம்முறையால் இரைச்சலை நீக்கும் நெறியை விரிவாக வெளியிட்டனர். தாயின் இதயத் துடிப்பை விலக்கிக் கருவிலுள்ள சேயின் துடிப்பைப் பிரித்தறிந்ததும் அதனுள் ஒன்று.

விரைந்து கணக்கிடும் சிறு சில்லுகள் வந்தபின் இம்முறை மோட்டாருக்குள் புகுந்தது. 1992-இல் ஜப்பானின் நிசான் நிறுவனத்தார் புளூபேர்ட் காரில் இதனை அமைத்தனர். எஞ்சினின் சுழற்சிக்கேற்ப ஒலிபெருக்கி எதிரோசை எழுப்பும். உள்ளேயிருக்கும் ஒலிவாங்கி எஞ்சிய ஓசையை அளக்கும். கணிப்பொறி உடனே திருத்தும்.

இதற்கும் எல்லையுண்டு. 100 ஹெர்ட்ஸ் முழக்கத்தின் அலை ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளமுடையது. ஆதலின் வண்டிக்குள் அதனை அடக்குதல் எளிது. 3,000 ஹெர்ட்ஸ் அலறலின் அலையோ சுமார் 11 சென்டிமீட்டரே. தலை சற்று அசைந்தாலும் கணக்குத் தவறும். ஹாரனோ எக்கணம் எழும் என்று அறியவும் இயலாது.

மேலும், இக்கருவி தரும் அமைதி கண்ணாடிக்குள் அமர்ந்திருப்பவர்க்கே உரியது. தாராவியின் சாலையோர வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என 2000-ஆம் ஆண்டின் விதிகள் வரம்பிட்டன. ஹாரன் ஓசை 85 டெசிபெல்லைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் ஏற்பாட்டைச் சில சந்திப்புகளில் சோதித்த மும்பைக் காவல்துறையினர், 2020 ஜனவரியில் அதனை நாடறியச் செய்தனர். பிழையை அளந்து திருத்துவதே இதற்கும் அடிப்படை. இங்கே திருந்த வேண்டியவர் வண்டி ஓட்டும் நாமே.