தோல் வாங்கப் போனவர் கொண்டுவந்த வேதம்

"வெள்ளைக்காரன் வந்தான், கோதுமையும் பால்பவுடரும் கொடுத்தான், சேரி சனம் மதம் மாறிவிட்டது." தலித் கிறித்தவ வரலாற்றைப் பற்றி இந்த ஒற்றை வரிக் கதையைத்தான் நாம் பேருந்திலும் கல்லூரி விடுதியிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறோம். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோதும் இதே கதைதான் பேசப்பட்டது. அந்தச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது, கதை மட்டும் போகவில்லை. இந்தக் கதையில் செயல்படுகிறவர் எப்போதும் வெள்ளைக்காரர். நம் பாட்டன் பூட்டன்கள் கை நீட்டி வாங்கியவர்கள் மட்டுமே. நடந்தது அப்படியா என்று பார்ப்போம்.

முதலில் குமரி மாவட்டத்து மயிலாடி. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கு சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். போன இடத்தில் மனம் நிறையவில்லை. தஞ்சாவூரில் ஏற்கெனவே கிறித்தவர்களாகியிருந்த உறவினர்களைப் பார்க்கப் போனார். அங்கேதான் வேதத்தைக் கேட்டார், வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். திரும்பியவர் முதலில் பேசியது தன் சொந்தபந்தத்திடம். தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை மிஷனரி என்று புத்தகங்கள் எழுதுகிற ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தது 1806இல். அதற்குள் மயிலாடியில் ஒரு கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. அப்படியானால் முதலில் வந்தவர் யார்?

அடுத்து ஆந்திரத்து ஓங்கோல். நமக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. எர்ரகுண்ட்ல பெரய்யா ஒரு மாதிகா, தோல் வியாபாரி. ராஜயோக குரு மரபில் பயிற்சி பெற்று ஊர் ஊராகச் சீடர்களை வைத்திருந்தவர். 'எதுவும் தெரியாத சேரிக்காரன்' என்ற படத்துக்கு இவர் சற்றும் பொருந்தமாட்டார். தோல் வாங்க வடக்கே ஏலூர்ப் பக்கம் போனபோது கிறித்தவராகியிருந்த ஓர் உறவினரிடமிருந்து செய்தியைக் கேட்டார். 1866இல் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு ஓங்கோலில் குடியேறிய அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பெரய்யா ஏற்கெனவே விதைத்திருந்த கிராமங்களுக்குள்தான் நுழைந்தார். பெரய்யாவின் மனைவி நாகம்மாவும் பெண்களிடையே பேசினார். ஆண் மிஷனரி எந்தச் சேரி வீட்டின் அடுப்படிக்குப் போயிருக்க முடியும்?

1867 தொடக்கத்தில் ஓங்கோல் சபையில் இருந்தவர்கள் 8 பேர். தோல் வாங்கப் போகும் வழி, பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், குருவுக்கும் சீடருக்கும் இருந்த பழைய தொடர்பு, இவை வழியாகத்தான் அது பரவியது. சபையில் சேர்ந்தவர்களுக்கு வைத்த நிபந்தனைகளில் இரண்டைக் கவனியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டின் இறைச்சி தின்னக்கூடாது. இன்று படித்தால் ஏதோ ஒழுக்க விதி போலத் தெரியும். அன்று அது ஊர்க் கட்டளையை மீறுவது. கூப்பிட்ட நேரத்தில் ஓட வேண்டிய ஒரு மாதிகா 'இன்று வரமாட்டேன்' என்று நிலக்காரனிடம் சொல்வது லேசான காரியமா? அதைத் தனி ஆளாகச் சொல்ல முடியாது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரும் சேர்ந்தால்தான் சொல்ல முடியும். குடும்பம் குடும்பமாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கணிப்பு.

பிறகு 1876-78 பெரும் பஞ்சம் வந்தது. பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியைத் தோண்டும் ஒப்பந்தத்தை கிளவ் எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தார். 'பார்த்தீர்களா, சோற்றுக்கு மாறினார்கள்' என்பவர்கள் இங்கேதான் கை வைப்பார்கள். ஆனால் நிவாரணம் நடந்த ஏறக்குறைய 15 மாதங்கள் அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பஞ்சம் தணிந்து, கொடுக்கக் காசு இல்லை என்று அறிவித்த பிறகும் கூட்டம் கலையவில்லை. 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுகி எழுந்தார்கள். பஞ்சத்தில் தங்களோடு நின்றது யார், கதவடைத்தது யார் என்று அந்த மக்கள் பார்த்தார்கள். அப்படிப் பார்த்து முடிவெடுப்பதற்குப் பேராசை என்று பெயர் வைப்பவர்கள் ஒரு நாளும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள்.

பஞ்சாபின் சியால்கோட் பகுதியிலும் இதே தடம்தான். சூஹ்ரா சமூகத்து தித், கால் ஊனமுற்றவர், அவரும் தோல் வியாபாரி. 1873இல் ஞானஸ்நானம் பெற்றதும் 'மிஷன் வளாகத்தில் தங்கு' என்று சொன்னார்கள். ஊருக்கே போவேன் என்று நின்றார். சொந்தக்காரர்களின் ஏச்சைச் சகித்து, சில மாதங்களில் மனைவி, மகள், அக்கம்பக்கத்தார் இருவரை அழைத்துவந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அப்பகுதிச் சூஹ்ராக்களில் பெரும்பாலோர் கிறித்தவரானார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் பேசியாக வேண்டும். நம்பிக்கை சொந்தபந்தத்தின் வழியே போனது என்றால், சொந்தபந்தம் நின்ற எல்லையில் அதுவும் நின்றது. சொந்தம் நிற்கும் எல்லை சாதி. ஓங்கோலிலேயே, மாதிகாக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று மேல்சாதியார் விலகினார்கள். தமிழ்நாட்டில் இன்னும் மோசம். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே போனார்கள், சாதியை விடவில்லை. ஒரே வேதம் வாசிக்கிற ஊர்களில் இன்றும் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. பெண் எடுத்துக் கொடுப்பது மாறாதவரை, பீடத்தில் எத்தனை சமத்துவப் பிரசங்கம் வைத்தாலும் இது அசையாது என்றே நாம் நினைக்கிறோம்.

சாதி இப்படி உடன் வந்தது சபைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். சட்டம் மட்டும் தெரியாதது போல் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலாம் என்ற ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007 அறிக்கை அப்படியே கிடக்கிறது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள்.

களப்பணியில் நாம் பார்க்கிற குடும்பங்கள் இந்த ஆணைக்குள் அடங்குவதில்லை. ஒரே வீட்டில் அண்ணன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார், தம்பி ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போவார். அண்ணன் சான்றிதழில் எஸ்.சி., தம்பி சான்றிதழில் பி.சி. இரண்டு பேரும் குடியிருப்பது அதே காலனி, டீக்கடையில் அவர்களைப் பார்க்கிற பார்வையும் அதே பார்வை. ஆனால் நாளைக்கு இருவரையும் ஒரே ஆள் சாதிப் பெயர் சொல்லி அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடிவது அண்ணனுக்கு மட்டும்தான்.